பொறிகளின் சந்தி

சொல்லொடு சொல் புணருங்கால் நிகழும் விகாரங்களை இலக்கண நூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தனர். அம்மூன்றும் இரும்பிற்கும் உண்டென்பதை ஈண்டு ஓர் உதாரணத்தால் விளக்கப் புகுகின்றோம்.

1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட போர்டு 8என் என்னும் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். மண்ணும் எருவும் அள்ளுதற்கு அதன் முன்புறத்தில் லோடர் பூட்டுவதுண்டு. வேறொரு டிராக்டருக்கெனச் செய்த லோடரை இதற்குப் பொருத்த விரும்புவோன் செய்யத்தக்கது யாது?

முதலாவது, திரிதல். பழைய தாங்கிகளின் அகலமும் போல்ட் துளைகளின் இடமும் புதிய வண்டிக்கு ஒத்து வாரா. அவற்றை மாற்றிச் செய்தல் வேண்டும். இவ்வண்டிக்குத் தனிச் சட்டம் இல்லை. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் பின்னச்சுக் கூடும் ஒன்றோடொன்று முடுக்கப்பட்டு அவையே உடலாய் நிற்கின்றன. ஆதலின் பாரம் முழுவதையும் எஞ்சின்மேல் ஏற்றாது, பின்னச்சுவரை நீளும் சட்டத்தால் பகிர்ந்தளித்தல் நலம்.

இரண்டாவது, தோன்றல். வண்டியின் உட்பம்பு, கருவிகளை இயக்கும் சுழல்தண்டோடு இணைந்தது. கிளட்சை மிதித்தவுடன் அதுவும் நின்றுவிடும். அப்பொழுது வாளியை உயர்த்த இயலாது. ஆகவே கிராங்க்ஷாப்டின் முன்முனையால் இயங்கும் தனிப் பம்பொன்றைச் சேர்ப்பர்.

மூன்றாவது, கெடுதல். ஈண்டுக் கெடுவது பின்சக்கரங்களின் பாரம். வண்டியின் அச்சிடைத் தூரம் 70 அங்குலம். முன்னச்சுக்கு 35 அங்குலம் முன்னே வாளியில் 400 இராத்தல் மண் உளதெனக் கொள்வோம். 400-ஐ 35-ஆற் பெருக்கி 70-ஆல் வகுக்க, 200 வரும். பின்னச்சு அவ்வளவு பாரத்தை இழக்கும்; முன்னச்சோ 600 இராத்தல் மிகுதியாகச் சுமக்கும். லோடரின் சொந்த எடை இதனின் வேறு. இனி, பின்னச்சுக்கு 35 அங்குலம் பின்னே 400 இராத்தல் எதிர்ப்பாரம் தூக்குவோமாயின், பின்னச்சு 600 பெறும்; முன்னச்சுக்கு 200 குறையும். இரண்டையுங் கூட்டிப் பார்க்க, அச்சொவ்வொன்றும் 400 இராத்தலே மிகுதியாகத் தாங்கும்.

இவ்வளவு செய்தும், நிறைந்த வாளியை உயரத் தூக்கிச் சரிவில் திரும்புதல் தகாது. வண்டி பக்கவாட்டிற் கவிழும். அக்காலத்து வண்டிகள் கவிழுங்கால் ஓட்டுவோனைக் காக்கும் சட்டமின்றியே வந்தன. வாளியைத் தாழ்த்தி மெல்லச் செல்வதே அறிவுடைமை.

நண்பர்காள்! தேர்வுத்தாளிற் சந்தி பிழைத்தால் நாம் இழப்பது ஓரிரு மதிப்பெண். இச்சந்தி பிழைப்பின் இழப்பது ஓர் உயிர்.