உடம்பின் தண்ணீர்க் கணக்கு



இரவு கடை சாத்துமுன் கல்லாவில் ஐந்து ரூபாய் குறைந்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் நாம் வீட்டுக்குப் போவதில்லை. ஆனால் உடம்பின் தண்ணீர்க் கணக்கை மட்டும் பார்ப்பதே இல்லை. அதனால் எனக்கு நேர்ந்த அனுபவத்தைச் சொன்னால் பிறருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு அக்னி நட்சத்திர சமயம். எங்கள் கிட்டங்கியில் துவரம்பருப்பு லோடு இறங்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரை, பகல் இரண்டு மணி. லாரி அவசரப்படுத்தியதால், "லோடு முடியட்டும், அப்புறம் தண்ணீர் குடிக்கலாம்" என்று சொன்னவன் நான்தான். பல வருடமாக மூட்டை தூக்கும் ஒருவர், "அண்ணாச்சி, தலை சுத்துது, காலு பின்னுது" என்றார். "ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பினேன். திரும்பி வந்தவர் நாலாவது மூட்டையோடு சாய்ந்துவிட்டார். ஐம்பது கிலோ மூட்டை பக்கத்தில் விழுந்ததால் தலை தப்பியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "காலையிலிருந்து எத்தனை தடவை ஒன்றுக்குப் போனார்?" எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவரே மெல்ல, "ஒரு தடவையும் போகலை" என்றார். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறிய பிறகே எழுந்து உட்கார்ந்தார்.

செலவும் வரவும்

வளர்ந்த மனிதனின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வியர்வை, சிறுநீர், மூச்சுக்காற்று, மலம் ஆகியவை அதன் செலவு. குடிப்பதும் உண்பதும் வரவு. வெயிலில் மூட்டை தூக்குபவருக்கு ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டர் வியர்வை போகலாம். அதோடு உப்பும் போகிறது. வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தால் செலவு இன்னும் கூடும்.

அடையாளங்கள்

வாய் உலர்தல், தலைவலி, களைப்பு, எழும்போது தலைசுற்றல், கெண்டைக்கால் குரக்கு, சிறுநீர் குறைதல் ஆகியவை முதல் எச்சரிக்கை. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் நல்லது. நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்தால் கணக்கு நட்டத்தில் இருக்கிறது. (சத்து மாத்திரையாலும் நிறம் மாறலாம்.) குழந்தைகளுக்குக் கண் குழி விழும்; அழுதால் கண்ணீர் வராது. என்னைப் போல அறுபதைக் கடந்தவர்களுக்குத் தாக உணர்வே குறைந்துவிடும். ஆகவே தாகத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

பேச்சுக் குழறல், மயக்கம், பல மணி நேரம் சிறுநீரே இல்லாமை, உடம்பு நெருப்பாய்க் கொதித்தல் என்றால் உடனே 108க்கு அழையுங்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

கடையில் செய்யவேண்டியவை

வெயிலில் உழைப்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவேண்டும். உப்பிட்ட மோர், நீராகாரம், இளநீர் ஆகியவை நல்லவை. கலர், சோடா வகைகளில் சர்க்கரைதான் மிகுதி. சிறுநீரக, இருதய நோயாளிகள் மட்டும் டாக்டர் சொன்ன அளவில் குடிக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் பலர் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம், போய்வரக் கழிப்பிடம் இல்லாமையே. பானை வைத்தால் மட்டும் போதாது. அதற்கும் வழி செய்யுங்கள்.

நாம் விற்கும் பொருள்

1971இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். அதன் வழி வந்ததே இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பொட்டலம் கிடைக்காத அவசரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டுள்ளது. பேதியாகும் பிள்ளைக்குத் தாய் வந்து கேட்கும்போது, கமிஷன் கூடுதல் என்று இனிப்புப் பானத்தை எடுத்துக் கொடுத்தால் பேதி அதிகமாகும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

இப்போது எங்கள் கிட்டங்கி வாசலில் இரண்டு மண்பானைகள் இருக்கின்றன. கோடையில் மோரும் உண்டு. இருபது மூட்டைக்கு ஒருமுறை எல்லோரும் நின்று குடித்துவிட்டுத்தான் அடுத்த மூட்டை. லாரிக்காரர் முணுமுணுத்தால், முதலில் அவருக்கே ஒரு சொம்பு நீட்டுகிறோம். லோடு பத்து நிமிடம் தாமதமாவதால் எந்த வியாபாரியும் நொடித்துப்போனதில்லை.