விரல்களை வகுக்கும் புரதமும் அதைத் தேடும் ஆன்டிபாடியும்



கருவில் வளரும் செல்களுக்கிடையே சேதி கொண்டுபோகும் புரதங்களில் ஒன்று சோனிக் ஹெட்ஜ்ஹாக். முதுகுநாணிலிருந்து சுரந்து, மேலே இருக்கும் நரம்புக் குழாயில் எந்தச் செல் இயக்க நரம்பணு ஆகவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. கை, கால் மொட்டுகளில் சுண்டுவிரல் வரவேண்டிய ஓரத்தில் சுரந்து விரல்களின் வரிசையை வகுக்கிறது. இதற்கான சுவிட்ச், ஜீனிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி இருக்கிறது. அதில் ஓர் எழுத்து பிசகினாலே கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் முளைக்கலாம். ஊரில் அதிர்ஷ்டம் என்று சொல்லும் ஆறாம் விரல்களில் சில இப்படி வந்தவை. சுண்டுவிரல் ஓரத்தில் முளைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு.

இந்தப் புரதம் திசுவில் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சாதாரணச் சாயம் போதாது, அது எல்லாப் புரதத்திலும் ஏறும். இந்த ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டாது. அதற்கு, அதை மட்டும் பற்றும் ஆன்டிபாடி வேண்டும். கோலர், மில்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் 1975இல் கேம்பிரிட்ஜில் ஒரு வழி கண்டார்கள்: ஆன்டிபாடி சுரக்கும் எலிச் செல்லைச் சாகாமல் பெருகும் புற்றுச் செல்லோடு இணைத்தால், ஒரே வகை ஆன்டிபாடி ஓயாமல் கிடைக்கும். ஹெட்ஜ்ஹாக்குக்காக அப்படி உருவானது 5இ1. நியூயார்க்கில் ஜெசல் என்ற ஆய்வாளரின் குழு 1996இல் அதைப் பற்றி எழுதியது. இப்போது அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கும் செல் வங்கி அதை ஆய்வகங்களுக்கு வழங்குகிறது.

5இ1 ஒட்டும் இடமும், ஹெட்ஜ்ஹாக் தன் ஏற்பியைப் பற்றும் இடமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே அது புரதத்தைக் காட்டுவதோடு நிற்பதில்லை, சேதியையும் மறித்துவிடுகிறது. கோழிக்கருவின் நரம்புத் திசுவில் அதைச் சேர்த்தபோது இயக்க நரம்பணுக்கள் உருவாகவில்லை. அந்தப் புரதம் வெறுமனே அங்கே இருக்கவில்லை, வேலையும் செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் அரிது.

5இ1ஐ வைத்துப் புரதத்தைத் தேட வேண்டிய கோழிக்கருவைப் பெறப் பெரிய வசதி தேவையில்லை. முட்டையில்தான் கவனம் வேண்டும். திண்டிவனம் கடைகளில் விற்கும் பண்ணை முட்டை உதவாது, அதில் கரு கிடையாது. சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டை வேண்டும். அதை 38 டிகிரி வெப்பத்தில் நான்கு நாள் அடைகாத்தால் மொட்டுகள் தெரியும். கருவைப் பதப்படுத்தி, மெல்லியதாக வெட்டி, வெற்று இடங்களில் ஆன்டிபாடி ஒட்டாதபடி முதலில் சீரத்தால் மறைத்துவிட்டு, இரவு முழுவதும் 4 டிகிரியில் 5இ1இல் ஊறவைப்பார்கள். மறுநாள் எலி ஆன்டிபாடியைப் பற்றும் இரண்டாவது ஆன்டிபாடி, ஒளிரும் சாயத்தோடு வரும். எலித் திசுவில் இதையே செய்தால் தலைவலி: இரண்டாவது ஆன்டிபாடி எலியின் சொந்த ஆன்டிபாடிகளையும் பிடித்து எங்கும் ஒளிரும். கோழியில் அந்தத் தொல்லை இல்லை.

ஒளிர்வதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. 5இ1, இந்தியன் ஹெட்ஜ்ஹாக் என்ற உறவுப் புரதத்தையும் பிடிக்கும். எலும்பு வளரும் இடத்தில் தெரியும் ஒளி அதனுடையதாக இருக்கலாம். முதல் ஆன்டிபாடியான 5இ1 சேர்க்காத ஒரு திசுத் துண்டையும் எப்போதும் கூடவே சோதிக்க வேண்டும். கால் மொட்டே ஒரு சோதனையும் தருகிறது: சுண்டுவிரல் பக்கமான பின்னோரம் ஒளிர்ந்து முன்னோரம் இருண்டிருந்தால் சரி, இரண்டும் ஒளிர்ந்தால் முடிவை ஒதுக்கிவிடலாம். புரதங்களை எடைப்படி பிரித்துத் தேடும் வெஸ்டர்ன் பிளாட் முறையில் தேடுபவர் முழுப் புரதத்தை 45 கிலோடால்டன் அருகிலும், வெட்டுப்பட்டுச் செயல்படும் துண்டை 19 அருகிலும் எதிர்பார்க்க வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியர் தரும் கர்ப்பப் பரிசோதனை அட்டையிலும், முடிவை நம்புமுன் சோதனையையே சரிபார்க்கும் இதே ஒழுக்கம் இருக்கிறது. கருவைச் சூழ்ந்த செல்கள் தாயின் உடலுக்கு அனுப்பும் ஹெச்சிஜி என்ற சேதியை இரண்டு ஆன்டிபாடிகள் இருபுறமும் பிடித்தால் ஒரு கோடு விழும். மற்றக் கோடு ஆன்டிபாடி ஓடிவந்ததை மட்டும் சொல்லும். அது விழாவிட்டால் அந்த அட்டையைத் தூக்கி எறிய வேண்டும்.

சேமிப்பைப் பற்றி ஒரு சொல். வந்த 5இ1 குப்பியை அப்படியே உறையவைக்காமல் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வைப்பது நல்லது. மறுபடி மறுபடி உருகினால் ஆன்டிபாடி கெடும். வீட்டு ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டி வேண்டாம், அது பனியை உருக்கத் தானே அவ்வப்போது சூடேறும். உபயோகத்தில் இருக்கும் குழாயை 4 டிகிரியில் வைத்தால் போதும்.