செவியா வசந்தத் திருவிழா: புதிதாகக் குடியேறியவர்களுக்கு

ஸ்பெயினின் செவியா நகரில் 1847-இல் கால்நடைச் சந்தையாகத் தொடங்கியது ‘ஃபெரியா தெ அப்ரில்’. இன்று அது நகரமே கூடும் கொண்டாட்டம்.

● ஈஸ்டர் முடிந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வரும். தேதி ஆண்டுதோறும் மாறும். நகராட்சி அறிவிப்பைப் பாருங்கள்.

● ஆயிரத்துக்கும் மேற்பட்ட ‘கசேத்தா’ பந்தல்களில் பெரும்பாலானவை தனியாருக்கு உரியவை. அழைப்பு இல்லாமல் நுழைய முடியாது. அலுவலக நண்பர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அழைப்பு கிடைக்காவிட்டால், நகராட்சியின் வட்டாரப் பந்தல்கள் எல்லோருக்கும் திறந்தவை.

● முதல் நாள் நள்ளிரவில் நுழைவு வளைவின் விளக்குகள் ஏற்றப்படும். நெரிசல் அதிகம், சீக்கிரமே போய் இடம்பிடியுங்கள்.

● குழந்தைகளோடு என்றால் பகலில் போங்கள். குதிரை வண்டி ஊர்வலம் அப்போதுதான். ராட்டினங்கள் ‘நரகத் தெரு’ என்ற பகுதியில்.

● பெண்கள் அடுக்கு மடிப்புக் கவுன், ஆண்கள் கோட்டு, டை அணிவது வழக்கம், கட்டாயமில்லை. தரையெங்கும் மஞ்சள் மணல் என்பதால் வெள்ளைச் செருப்பைத் தவிர்க்கலாம்.

● ‘ரெபுஹீதோ’ என்ற பானம் எலுமிச்சை சோடா போல இனிக்கும். ஆனால் அதில் இருப்பது ஒயின். அளவோடு குடியுங்கள்.

● முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட்டான ‘தோர்த்திய்யா’ உண்டு.

● ‘செவியானாஸ்’ நடனத்துக்கு நான்கு பகுதிகள். முதல் பகுதியையாவது முன்பே கற்றுக்கொண்டால் ஆடக் கூப்பிடும்போது தயங்க வேண்டாம்.

● வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது கடினம். மெட்ரோவில் செல்லுங்கள்.