தாழ்ந்த நாதமும் அதன் பெட்டியும்

இசையரங்கில் உயர்ந்த சுரங்கள் செவியைச் சார்கின்றன. தாழ்ந்த சுரங்களோ மார்பிலும் காலடியிலும் உணரப்படுகின்றன. கல்லூரி விழாக்களுக்குத் திறந்தவெளி மேடையமைக்கும் மாணவர் பலர் இத்தாழ்ந்த நாதத்தை விரும்பிப் பெரும்பொருள் செலவிடுகின்றனர். எனினும், பெட்டியின்மீது பொறித்துள்ள 'வாட்' என்னும் எண் ஒன்றையே நோக்கிக் கருவியைத் தெரிந்தெடுப்பதால், பொருளை இழந்தும் நாதத்தைப் பெறாது நிற்கின்றனர். ஆதலின், 'சப் ஊஃபர்' என வழங்கும் தாழ்நாத ஒலிபெருக்கியைத் தேரும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

முதற்கண், தாழ்நாதம் அரிதாதற்குக் காரணம் யாதென ஆராய்வோம். பாஸ் கிதாரின் தடித்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கின்றது. ஒலி விநாடிக்கு 343 மீட்டர் செல்லுமாதலின், அவ்வதிர்வின் அலைநீளம் 8 மீட்டருக்கும் மேற்பட்டதாம். இத்துணை நெடிய அலையை எழுப்பச் சிறு கூம்பு போதாது. அதிர்வெண் பாதியாகுந்தோறும், அதே வன்மையுள்ள ஒலியைத் தரக் கூம்பு நான்மடங்கு தூரம் முன்பின் அசைதல் வேண்டும். மேலும், தாழ்ந்த ஒலிகளை நம் செவி மந்தமாகவே ஏற்கின்றது என்பதை 1933-ஆம் ஆண்டில் பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் அளந்து காட்டினர். எனவே, தாழ்நாதத்தின் கணக்கு பெயர்க்கப்படும் காற்றின் கணக்கேயாம்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 18 அங்குலக் கூம்பொன்றின் பயன்படும் பரப்பு ஏறக்குறைய 1,200 சதுர சென்டிமீட்டர். அதனை மூடிய பெட்டியில் அமைத்துத் தரைமீது வைத்து, முன்னும் பின்னும் 10 மில்லிமீட்டர் அசையச் செய்வோமாயின், 40 ஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 114 டெசிபல் கிடைக்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் 6 டெசிபல் குறையுமாதலின், 16 மீட்டர் தொலைவில் நிற்போர்க்கு 90 டெசிபலே எட்டும். அத்தகைய பெட்டிகள் நான்கினை ஒருங்கே சேர்த்து, ஒவ்வொன்றையும் அவ்வாறே அசைப்பின், 12 டெசிபல் மிகுந்து 102 ஆகும். இங்கே வாட் என்னும் சொல்லுக்கே இடமில்லாமை காண்க. கூம்பின் பரப்பும், அது பழுதின்றி அசையும் தூரமுமே முதலில் வினவத்தக்கவை.

இனி வாட்டைப் பற்றிக் கூறுவோம். மின்னாற்றலை இருமடங்காக்கினால் 3 டெசிபலே கூடும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 97 டெசிபல் தரும் கருவிக்கு 1,000 வாட் கொடுப்பின், கணக்கின்படி 127 வரும். 91 டெசிபல் தரும் கருவிக்கு 2,000 வாட் கொடுப்பினும் 124-ஐத் தாண்டாது. எண் பெரிதாயினும் நாதம் சிறிதே. அன்றியும், கொடுத்த மின்னாற்றலிற் பெரும்பகுதி வெப்பமாகக் காந்தத்தின் இடையேயுள்ள கம்பிச்சுருளிலேயே தங்குகின்றது. செம்புச்சுருளின் சூடு 200 பாகை ஏறினால் அதன் மின்தடை ஏறக்குறைய முக்காற்பங்கு மிகும். அதனால் அது ஏற்கும் ஆற்றல் குறைந்து, விழாவின் நடுவே நாதம் தளரும்.

அடுத்தது பெட்டி. கூம்பின் முன்புறத்தே எழும் அலையும் பின்புறத்தே எழும் அலையும் ஒன்றையொன்று அழிப்பனவாதலின், இரண்டையும் பிரிப்பதே பெட்டியின் முதற்பணி. மூடிய பெட்டி எளியது; பிழை பொறுப்பது; ஆயின் பேரொலிக்கு வன்மை குறைந்தது. துளைப்பெட்டியோ, பின்னலையையும் ஒரு குழல்வழியே வெளிப்படுத்திப் பயன் கொள்வது. பெல் ஆராய்ச்சிக்கூடத்து ஆல்பர்ட் துராஸ் இதற்கு 1932-இல் உரிமைச்சாசனம் பெற்றார். இதன் சுரத்திற்குக் கீழான ஒலிகள் புகுமாயின் கூம்பு தாங்குதலின்றித் துள்ளிச் சிதையும். ஆதலின் அவற்றைத் தடுக்கும் வடிகட்டி இன்றியமையாதது. துளை குறுகியதாயின் காற்று சீறும். ஹார்ன் பெட்டி மிகுந்த வன்மையுடையது. ஆயின் 40 ஹெர்ட்ஸுக்குரிய அதன் வாய் மிகப் பெரிதாக வேண்டும். அதனாற்றான் பல ஹார்ன்களை அடுக்கி ஒரே பெருவாயாக்குவர்.

எந்தக் கூம்புக்கு எந்தப் பெட்டி பொருந்தும் என்பதை நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் கணக்காக வகுத்தனர். கூம்பின் இயற்கை அதிர்வெண், அதன் நெகிழ்வுக்கு ஒப்பான காற்றின் அளவு, அதிர்வை அடக்கும் திறன் ஆகிய மூன்றும் தயாரிப்பாளர் தரும் தாளில் உள்ளன. அடக்கும் திறனைக் குறிக்கும் எண் 0.3 முதல் 0.4 வரை இருப்பின் துளைப்பெட்டியும், 0.5-க்கு மேற்படின் மூடிய பெட்டியும் பொதுவாகப் பொருந்தும். இவற்றை நோக்காது, கையிலுள்ள பெட்டியில் விலையுயர்ந்த கூம்பைப் பொருத்துதல், பிறர் காலுக்கு அளந்த செருப்பை அணிதல் போலும். பெட்டி 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையால், உள்ளே குறுக்குச்சட்டங்களுடன் அமைதல் நன்று. பலகை அதிர்ந்தால் ஆற்றல் வீணாம்.

இவையனைத்தையும் ஆளும் ஒரு விதியை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பர். சிறிய பெட்டி, ஆழ்ந்த நாதம், மிகுந்த வன்மை என்னும் மூன்றனுள் இரண்டையே ஒருவர் பெறலாம். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே தீரவேண்டும். மூன்றும் உண்டு என விளம்பரம் கூறுமாயின், விட்டது எது என்று வினவுக.

பெட்டிகளை மேடையின் இருபுறமும் பிரித்து வைப்பின், இரு புறத்து அலைகளும் சில இடங்களிற் கூடியும் சில இடங்களில் அழிந்தும் போம். நடுவே நிற்போர்க்கு இடியும், சற்று விலகினோர்க்கு வெறுமையும் கிட்டும். ஆதலின் ஒருங்கே அடுக்குதலே பெரும்பாலும் சிறந்தது.

இறுதியாக ஒன்று கூறுவோம். தாழ்நாதம் குறைவுற்ற மேடையில், அக்குறையை நிரப்ப எண்ணி ஒலி முழுவதையும் ஏற்றுதல் பலர்க்கு வழக்கம். அதனால் துன்புறுவது கேட்போர் செவியே. செவியின் உணர்வுக்கேற்பத் திருத்திய அளவில், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைக் கடவாதிருத்தல் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் அரங்குகளுக்கு வரையறுத்துள்ளது. பழுதுற்ற கூம்பை மாற்றலாம். பழுதுற்ற உட்செவியை மாற்றுதல் இயலாது. ஆகவே, மாணவ நண்பர்களே, கூம்பையும் பெட்டியையும் ஒருசேர ஆராய்ந்து கொள்ளுங்கள். தாழ்நாதத்தை அதற்குரிய கருவியாற் பெற்று, ஏனைய ஒலியை அளவில் நிறுத்துங்கள். இசை இன்பம் பயப்பதாகுக, இன்னல் பயவாதொழிக.