மாட்டின் மூச்சும் இரத்த ஓட்டமும்
உழவர் அறிய வேண்டுவன

கோடை மழை பெய்து புழுதி உழவு தொடங்கும் நாட்களில், ஏர் பூட்டிய காளை சால் முடியுமுன் நின்று, விலாப் புடைக்க மூச்சு வாங்குவதை உழவர் யாவரும் கண்டிருப்பர். வெயிலின் கொடுமை என்பார் சிலர்; சோம்பல் என்று கருதித் தார்க்குச்சியை ஓங்குவார் சிலர். அவ்வேளையில் மாட்டின் உடலுக்குள் நிகழ்வது யாதென்பதை அறிந்தவர், அதனை நிழலுக்கு ஓட்டிச் செல்வதா, வைத்தியரை அழைப்பதா என்பதைத் தாமே தீர்மானிக்கக் கூடும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுதுவோன் கால்நடை வைத்தியன் அல்லன். வயலில் சாகுபடி முறைகளைச் செய்து காட்டுவதே என் தொழில். ஆயினும் உழவு மாட்டை விட்டு உழவைப் பற்றிப் பேச இயலாது.

மூச்சும் இரத்த ஓட்டமும் இரு வேறு காரியங்கள் போலத் தோன்றினும், உண்மையில் அவை ஒரே காரியத்தின் இரு பாதிகளாம். காற்றிலுள்ள பிராணவாயுவை உடலின் ஒவ்வொரு சதைத் துணுக்குக்கும் கொண்டு சேர்ப்பதும், அங்கு உண்டாகும் கரியமில வாயுவை வெளியேற்றுவதுமே அக்காரியம். மூச்சு அதனை வாயில் வரை கொணர்கிறது. இரத்தம் வீட்டுக்குள் எடுத்துச் செல்கிறது. இவ்வழியில் எவ்விடத்தில் அடைப்பு நேரினும் மாடு பிழைப்பது அரிது.

1. இரத்தம் சுற்றும் வழி

இருதயமானது மார்புக் கூட்டின் அடிப்பாகத்தில், முன்கால்களுக்கு நடுவே, சற்று இடப்பக்கம் சாய்ந்து அமைந்துள்ள சதைப்பையாகும். மாட்டின் இடது முழங்கை மூட்டின் அருகே விலாவில் உள்ளங்கையைப் பதித்தால் அதன் துடிப்பை உணரலாம். இதனுள் மேலறை இரண்டும் கீழறை இரண்டுமாக நான்கு அறைகள் உள்ளன. அறைகளுக்கு இடையே உள்ள கதவங்கள் ஒரு பக்கமாகவே திறப்பவை; ஆதலால் இரத்தம் முன்னோக்கிச் செல்லுமேயன்றிப் பின்னோக்கித் திரும்பாது. பசு, எருது ஆகியவற்றின் இருதயத்தில் இக்கதவங்களை அடுத்துச் சிறிய எலும்பும் உண்டு என்பது வியப்புக்குரியது.

உடலெங்கும் சுற்றிப் பிராணவாயுவை இழந்து கறுத்த இரத்தம் முதலில் வலப்புற அறைகளை அடைகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குச் செலுத்தப்பட்டு, பிராணவாயுவை ஏற்றுச் செந்நிறம் பெற்று, இடப்புற அறைகளுக்குத் திரும்புகிறது. இடது கீழறையே அதனை உடல் முழுவதற்கும் தள்ளுவது. ஆகையால் அதன் சுவர் வலப்புறத்தினும் தடித்திருக்கும்.

இருதயத்திலிருந்து புறப்படும் குழாய்கள் தமனிகள் எனவும், அதற்குத் திரும்பும் குழாய்கள் சிரைகள் எனவும் பெயர் பெறும். பெரிய கால்வாய் கிளை வாய்க்காலாகவும், கிளை வாய்க்கால் மடையாகவும் பிரிந்து பாத்திதோறும் நீர் பாய்வது போலத் தமனியும் பிரிந்து பிரிந்து மயிரினும் நுண்ணிய தந்துகிகளாகின்றது. வயலில் பாய்ந்த நீர் அங்கேயே சுவறிப் போம். இரத்தமோ தந்துகிகளைக் கடந்து சிரைகளிற் கூடி மீண்டும் இருதயத்தை அடைகிறது. இவ்வாறு இரத்தம் சுற்றி வருகிறதென்பதை 1628ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மருத்துவர் வில்லியம் ஹார்வி நூலெழுதி நிலைநாட்டினார். அரைமணி நேரத்தில் இருதயம் தள்ளும் இரத்தத்தைக் கணக்கிட்டால் அது உடலிலுள்ள மொத்த இரத்தத்தினும் மிகுகின்றது. எனவே அதே இரத்தமே திரும்பத் திரும்ப வருதல் வேண்டும் என்பது அவருடைய வாதம். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை அவர் கண்டிலர். 1661இல் இத்தாலியரான மால்பிகி என்பவர் தவளையின் நுரையீரலில் அவற்றைப் பூதக்கண்ணாடியாற் கண்டு வெளியிட்டார்.

300 கிலோ எடையுள்ள காளையின் உடலில் ஏறக்குறைய 17 அல்லது 18 லிட்டர் இரத்தம் இருக்கும். அது ஓய்வாக நிற்கும்போதே இவ்வளவு இரத்தமும் ஒரு நிமிஷத்துக்குள் இருதயத்தின் வழியே சென்று திரும்பிவிடும். பசுவின் மடியில் ஒரு லிட்டர் பால் சுரப்பதற்குச் சுமார் 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியின் வழியே ஓட வேண்டும் என்று கணக்கிட்டுள்ளனர். கறவைப் பசுவுக்குத் தண்ணீர் குறைந்தால் பால் குறைவது ஏன் என்பது இதனால் விளங்கும்.

2. காற்று செல்லும் வழி

மூக்கில் நுழையும் காற்று அங்கே தூசு நீங்கி, ஈரமும் சூடும் பெற்று, தொண்டையைக் கடந்து மூச்சுக்குழலில் இறங்குகிறது. இக்குழல் குருத்தெலும்பு வளையங்களால் ஆனது; ஆதலால் கழுத்து வளைந்தாலும் மூடிக்கொள்வதில்லை. மார்பினுள் இது கிளைத்துக் கிளைத்து நுண்ணிய காற்றறைகளில் முடிகிறது. அவ்வறைகளின் மெல்லிய சுவர்மீது தந்துகிகள் வலைபோற் படர்ந்துள்ளன. காற்றும் இரத்தமும் சந்திக்கும் இடம் இதுவே. வெளிக்காற்றில் நூற்றுக்குச் சுமார் 21 பங்கு பிராணவாயு உண்டு. அதில் ஒரு பகுதியை இரத்தம் இங்கே எடுத்துக்கொண்டு, கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. பிராணவாயுவைச் சுமப்பவை சிவப்பு அணுக்கள். அவற்றிலுள்ள இரும்புச் சத்தே அதனைப் பற்றிக் கொள்வது.

நுரையீரல் தானே அசைய வல்லதன்று. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் என்னும் சதைத்திரை ஒன்று உண்டு. அது வயிற்றுப்பக்கம் இறங்கி, விலா எலும்புகள் விரியும்போது மார்பு அகன்று காற்று உள்ளே வருகிறது. தளரும்போது வெளியே செல்கிறது. கொல்லன் உலைத் துருத்தியை ஒப்பது இது. மாட்டின் நுரையீரல் அதன் உடற்பருமனுக்குக் குதிரையினுடையதை நோக்கச் சிறியது. எனவே நோயால் அதிற் சிறு பகுதி கெட்டாலும் மாடு விரைவில் திணறும் என்பதை உழவர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

3. மூச்சு, நாடி, சூடு

இம்மூன்றையும் பார்க்கப் படிப்பு வேண்டுவதில்லை. ஒரு கடிகாரமும் பொறுமையும் போதும். வேலைக்கு ஓட்டுமுன் காலையில், மாடு நிழலில் அமைதியாக நிற்கையில் பார்ப்பது நலம்.

மூச்சு: சற்று விலகி நின்று, விலாவுக்குப் பின்னுள்ள பள்ளம் ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுக. வளர்ந்த மாட்டுக்கு 10 முதல் 30 வரை இருக்கலாம்.

நாடி: வாலைச் சற்றுத் தூக்கி, அடிவாலிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, வாலின் கீழ்ப்பக்கத்து நடுவில் விரல் நுனிகளை மெல்ல வைத்தால் துடிப்புத் தெரியும். வளர்ந்த மாட்டுக்கு நிமிஷத்துக்கு 50 முதல் 80 வரை. கன்றுக்கு இதனினும் மிகும். ஆட்டுக்குத் தொடையின் உட்புறத்திற் பார்க்கலாம்.

சூடு: உஷ்ணமானியை ஆசனவாயில் வைத்துப் பார்க்க, மாட்டுக்கு ஏறக்குறைய 101.5 டிகிரி இருத்தல் இயல்பு. ஓய்விலும் 103 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சல் என்று ஐயுறுக.

உழைக்கும் மாட்டில் இம்மூன்றும் உயர்வது இயற்கையே. உழைக்கும் சதைக்குப் பிராணவாயு மிகுதியும் வேண்டியிருப்பதால் மூச்சும் நாடியும் விரைகின்றன. சதையிற் பிறந்த சூட்டை இரத்தம் தோலுக்குக் கொணர்ந்து வெளியேற்றுகிறது. காங்கேயம், உம்பளச்சேரி முதலிய நம் நாட்டினங்களின் தளர்ந்த தோலும் அலைதாடியும் இதற்கு உதவுவன. எருமைக்கோ வியர்வைச் சுரப்பிகள் குறைவு, தோலும் கறுப்பு. ஆகவே நீரிலும் சேற்றிலும் கிடப்பது அதற்கு வாழ்வுத் தேவையாகும். ஏர் அவிழ்த்து நிழலில் அரைமணி நின்ற பின்னும் மூச்சும் நாடியும் இறங்காவிடின், அன்று அம்மாட்டை மீண்டும் பூட்டலாகாது. வாய் திறந்து நாக்கை நீட்டி இரைத்தால் உடனே நிழலிற் கட்டி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி, குடிக்கவும் நீர் வைத்து, வைத்தியருக்கு ஆள் அனுப்புக.

4. தடை நேரும் இடங்கள்

காற்றுவழி. நான் வேலையில் அமர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் நல்ல காளையொன்று தீனி எடாமல் நின்றது. உடையவர் கஷாயம் காய்ச்சினார். இருவர் அதன் தலையை வானோக்கித் தூக்க, ஒருவர் நாக்கை இழுத்துப் பிடிக்க, மூங்கிற் குழாயால் மருந்து ஊற்றப்பட்டது. தலையைத் தூக்கிய இருவரில் நானும் ஒருவன். காளை இருமிற்று; நாங்கள் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சலும் துர்நாற்றமான மூச்சும் கண்டன. ஐந்தாம் நாள் அது இறந்தது. விதைப்புக்கு ஈரம் காத்திருக்க, ஒற்றைக் காளையோடு நின்ற அவ்வுழவர் முகத்தை நான் இன்னும் மறந்தேனில்லை. குற்றம் மருந்தில் இல்லை. அது சென்ற வழியில் இருந்தது. தலையை உயரத் தூக்கி நாக்கை இழுத்தால் மாட்டால் விழுங்க இயலாது. மருந்து உணவுக்குழலை விட்டு மூச்சுக்குழலில் இறங்கும். மாட்டின் வலது நுரையீரலின் முன்பகுதிக்கு மூச்சுக்குழலிலிருந்து தனிக்கிளை முன்னதாகவே பிரிவதால், அங்கே மருந்து எளிதிற் சேர்ந்து அழுகலை உண்டாக்கும். ஆதலால் மருந்து புகட்டுங்கால் மூக்கு முதுகின் மட்டத்துக்கு மேல் உயரலாகாது. கடைவாய் வழியே சிறிது சிறிதாக விடுதல் வேண்டும். இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும். படுத்துத் தலை தொங்கிய மாட்டுக்கும் விழுங்க மாட்டாததற்கும் வாய்வழி மருந்தே கூடாது. மூக்கின் வழி ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது.

துருத்தி. இளம் பயறுவகைத் தீவனத்தை மிகுதியாய்த் தின்ற மாட்டுக்கு வயிறு உப்பி, இடப்பக்கப் பள்ளம் முரசுபோல் எழும். உப்பிய வயிறு உதரவிதானத்தை முன்னே தள்ளுவதால் மார்பு விரிய இடமின்றி மாடு மூச்சுமுட்டி இறக்கும். சாவது வயிற்றால் அன்று, மூச்சால். ஆகவே இதில் ஒரு மணி நேரத் தாமதமும் உயிருக்குக் கேடாம். முன்கால்கள் மேட்டில் இருக்குமாறு நிறுத்தி, வைத்தியரை உடனே வரவழைக்க வேண்டும்.

இரத்தம். காற்றும் நுரையீரலும் செவ்வையாய் இருந்தும் இரத்தம் கெட்டால் பயனில்லை. செம்மறி, வெள்ளாடுகளின் இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் புழுக்களால் சிவப்பு அணுக்கள் குறைந்து, சிறிது நடந்தாலும் ஆடு இளைக்கும். கீழிமையை விலக்கிப் பார்க்க, உட்புறம் சிவப்பாக இராமல் வெளுத்திருக்கும். தாடையின் கீழ் நீர் கோத்து வீங்குவதும் உண்டு.

சோளத்தின் நஞ்சு இன்னும் கொடியது. இளம்பயிரிலும், மழையின்றிக் குன்றிய பயிரிலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு என்னும் நஞ்சு உண்டாகக் கூடும். இதனைத் தின்ற மாட்டின் இரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருக்கும். ஆனால் அதனைச் சதை பயன்படுத்த இயலாதவாறு நஞ்சு தடுத்துவிடும். ஆதலால் இரத்தம் மிகச் சிவந்திருந்தும் மாடு மூச்சிரைத்துத் தள்ளாடி, சில நிமிஷங்களிலேயே விழுந்து இறக்கலாம். வறட்சியில் தழைச்சத்து உரம் மிகுதியாய் இட்ட தீவனத்திலோ நைட்ரேட்டு தேங்கி, சிவப்பு அணுக்கள் பிராணவாயுவைப் பற்ற மாட்டாதபடி செய்து, இரத்தத்தைக் காப்பி நிறமாக்கும். இரண்டுக்கும் மருந்து உண்டு. ஆனால் வைத்தியர் வருமுன் உயிர் நிற்பது அரிது. குன்றிய சோளத்தில் மாட்டை விடாதிருப்பதே காப்பு. பூத்த பின் அறுத்து, நன்கு உலர்த்திப் போடுக.

இருதயம். மாடு தீனியை மெல்லாது விழுங்கிப் பின் அசைபோடுவது. வைக்கோலிற் கிடக்கும் கம்பி, ஆணி, ஊசி ஆகியவை இரண்டாம் இரைப்பையிற் சென்று தங்கும். அவ்விரைப்பைக்கும் இருதயத்துக்கும் இடையே உதரவிதானமே உள்ளது. வயிறு அசையுந்தோறும் கம்பி முன்னேறி இருதயத்தின் உறையைத் துளைக்கும். முழங்கைகளை அகற்றி நிற்றல், சரிவில் இறங்க அஞ்சுதல், கழுத்துச் சிரை கயிறுபோற் புடைத்தல், அலைதாடியில் வீக்கம் ஆகியன இதன் குறிகள். கட்டுக்கம்பியை அறுத்துக் களத்தில் எறிபவர், தம் மாட்டின் நெஞ்சிலேயே அதனை எறிகின்றனர்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு சொல். நோயின் குறி யாதுமின்றி மாடு திடீரென இறந்து, மூக்கு, ஆசனவாய் முதலிய துவாரங்களில் உறையாத கறுத்த இரத்தம் கசிந்தால் அடைப்பான் என ஐயுறுதல் வேண்டும். அந்நோயின் கிருமி இரத்தத்தில் நிறைந்திருக்கும், உடலை அறுத்துக் காற்றுப்படச் செய்தால் அது வித்தாக மாறிப் பல்லாண்டுகள் மண்ணிற் கிடக்கும், மனிதரையும் பற்றும். ஆகவே தோல் உரிக்கவும் இறைச்சி எடுக்கவும் விடாமல் தடுத்து, கால்நடை மருத்துவமனைக்கு உடனே தகவல் அனுப்பி, அவர்கள் சொல்லும் முறைப்படி சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கச் செய்க.

முடிவாக உழவர்களை வேண்டுவது ஒன்றே. உங்கள் மாடுகள் நலமாயிருக்கும் நாளொன்றில் அவற்றின் மூச்சையும் நாடியையும் எண்ணித் தொழுவச் சுவரிற் கரியால் எழுதி வையுங்கள். நோய் கண்ட நாளில் எண்ணிப் பார்த்து அதனோடு ஒப்பிட்டால், வேறுபாடு உடனே தெரியும். வைத்தியருக்கும் அது பெரிதும் உதவும். வாய் பேசாத ஜீவன் தன் துன்பத்தைச் சொல்ல அறியாதெனினும், விலாவிலும் வாலடியிலும் அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்பது நம் கடமை.