கோட்டையும் குறிக்கோளும்
செஞ்சி வரலாறு மாணவர்க்குக் கற்பிக்கும் பாடம்

செஞ்சி என்றவுடன் தமிழ் மக்களின் நெஞ்சில் முதலில் எழுவது தேசிங்குராசன் கதையே. அடுத்துக் கண்முன் தோன்றுவது மலைகளை வளைத்து நிற்கும் பெருமதில். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைத்துச் செல்லும் அம்மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளை ஒரு தொகுதியாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் தமிழகத்தைச் சார்ந்தது செஞ்சி ஒன்றே. இது விழுப்புரம் மாவட்டத்து மக்கள் அனைவரும் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

ஆயின் கோட்டையைக் கண்டு வியப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. இக்கோட்டையைக் காத்தோரும் முற்றுகையிட்டோரும் தத்தமக்கெனக் குறிக்கோள் கொண்டிருந்தனர். அதனை அடையத் திட்டமும் வகுத்தனர். சிலர் வென்றனர், சிலர் வென்றும் தோற்றனர். அவ்வேறுபாட்டிற்குரிய காரணத்தை ஆராய்ந்து, கற்கும் இளைஞர்க்கு அது எவ்வாறு பயன்படும் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

தேவை வருமுன் தேடுதல்

1649ஆம் ஆண்டு முதல் பீசப்பூர் சுல்தானியர் ஆட்சியில் இருந்த செஞ்சியை, 1677இல் மராத்திய மன்னர் சிவாசி தம் வசமாக்கினார். அவர் செய்த முதற்பணி, கோட்டையை வலுப்படுத்தியதாகும். புதிய மதில்கள் எழுப்பப்பட்டன, அகழிகள் ஆழப்படுத்தப்பட்டன. அக்காலத்தே தமிழகத்தில் தங்கியிருந்த இயேசு சபைக் குருமார் எழுதிய கடிதங்களும் இப்பணிகளைக் குறிப்பிடுகின்றன.

அவருடைய தலைநகரமான இராய்கட்டிற்கும் செஞ்சிக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் தொலைவு உண்டு. உடனடியான ஆபத்து எதுவும் செஞ்சியை நோக்கி வரவில்லை. அவ்வாறிருந்தும் இவ்வளவு பொருளும் உழைப்பும் ஏன் செலவிடப்பட்டன? விடை பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. 1680இல் சிவாசி மறைந்தார். 1689இல் அவர் மகன் சம்பாசி கொல்லப்பட்டார். இராய்கட்டும் முகலாயர் கைக்கு மாறியது. இளையவரான இராசாராம் அவ்வாண்டின் இறுதியில் தெற்கே வந்து செஞ்சியில் புகலடைந்தார். தந்தை ஆயத்தம் செய்து வைத்த கோட்டை மகனுக்குத் தலைநகராயிற்று.

இதில் முதற்பாடம் தெளிவாகின்றது. இடர் வந்தபின் செய்வது தற்காப்பு. இடர் வருமுன் செய்வதே திட்டம். தேர்வுக்கு முந்திய இரவில் விழித்திருப்பதைத் திட்டமிட்ட உழைப்பு என்று கூற இயலாது.

நீரும் நெல்லும்

செஞ்சிக்குச் செல்வோர் மதிலையும் பீரங்கியையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். கோட்டையின் உயிர் வேறிடத்தில் இருக்கின்றது. இராசகிரியின் அடிவாரத்தில் செட்டிகுளமும் சக்கரகுளமும் உள்ளன. மலைமீது வற்றாத சுனை உண்டு. வளைந்த கூரையுடைய பெரிய நெற்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. எவ்வளவு உயர்ந்த மதிலாயினும், உள்ளிருப்போர்க்கு நீரும் நெல்லும் இல்லையேல் சில திங்களில் அதன் வாயில் தானே திறந்துவிடும். திருவள்ளுவர் 'அரண்' என்னும் அதிகாரத்தில் மதிலின் உயரத்தோடு உணவிருப்பையும் கோட்டையின் இலக்கணமாக வைத்திருப்பது இங்கே எண்ணத்தக்கது.

நம் இளைஞர்களுட் பலர் மதிலை மட்டும் கட்டுகின்றனர். 'ஆட்சிப் பணியாளர் ஆவேன்', 'பேராசிரியர் ஆவேன்' என்று உயர்ந்த இலக்கைக் கூறுகின்றனர். அதற்கு வேண்டிய நாள்தோறுமான நேரம், நூல்கள், கட்டணம், உடல்நலம், வீட்டார் ஒத்துழைப்பு ஆகியவற்றைக் கணக்கிடுவதில்லை. குறிக்கோளுக்கு இவையே நீரும் நெல்லும் ஆகும்.

கோட்டை கிடைத்தது, குறிக்கோள் கிடைக்கவில்லை

1690இல் முகலாயத் தளபதி சுல்பிகார்கான் செஞ்சியை முற்றுகையிட்டார். மூன்று மலைகளையும் முழுவதுமாகச் சூழ்ந்து கொள்வதற்குப் போதிய படை அவரிடம் இல்லை. மராத்தியத் தளபதிகளாகிய சந்தாசி கோர்படே, தனாசி சாதவ் ஆகியோர் அவருக்கு வரும் உணவுப் பொருள்களை வழியிலேயே மறித்தனர். பாசறையில் பஞ்சம் தலையெடுத்தது. 1693ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பின்னர் மீண்டும் போர் தொடர்ந்தது. தளபதி மனமொன்றிப் போரிடவில்லை என்னும் ஐயமும் அக்காலத்திலேயே எழுந்தது. இறுதியில் 1698இல், அஃதாவது முற்றுகை தொடங்கிய எட்டாம் ஆண்டில், கோட்டை வீழ்ந்தது.

ஆயினும் அக்கோட்டைக்குள் இராசாராம் இல்லை. வீழ்ச்சிக்கு முன்னரே அவர் தப்பி வேலூரை அடைந்து, அங்கிருந்து மராத்திய நாட்டிற்குச் சென்றுவிட்டார். முற்றுகையின் நோக்கம் கற்சுவரைக் கைப்பற்றுவது மட்டுமன்று. மராத்திய அரசரைப் பிடித்துப் போரை முடிப்பதே உண்மையான நோக்கம். கோட்டைக்கு நுசரத்கட் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. போரோ முடியவில்லை. 1707இல் பேரரசர் ஔரங்கசீப் தக்காணத்திலேயே உயிர் நீத்தபோதும் அது நீடித்துக்கொண்டிருந்தது.

இந்நிகழ்ச்சியே நம் கட்டுரையின் மையக் கருத்தைத் தருகின்றது. குறிக்கோள் வேறு, குறிக்கோளின் புறத்தோற்றம் வேறு. பட்டம் என்பது கோட்டை. கல்வி என்பது அதனுள் இருக்கவேண்டிய அரசன். மதிப்பெண் கோட்டை; புலமை அரசன். மூன்றாண்டு முற்றுகையிட்டுப் பட்டத்தைப் பெற்ற ஒருவர், தம் பாடத்தில் ஒரு பக்கம் பிழையின்றி எழுத இயலாமல் நிற்பாராயின், அவர் கைப்பற்றியது ஆளில்லாக் கோட்டையே ஆகும்.

வீரமும் கணக்கும்

1714ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையை எதிர்த்து, இருபத்திரண்டு வயது இளைஞரான தேசிங்கு போரிட்டு மாண்டார். அவருடன் இருந்தோர் சில நூறு வீரர்களே. உறுதி மிக்க கோட்டையை உடைமையாகக் கொண்டிருந்தும், அவர் வெளியே வந்து வெட்டவெளியில் பொருதார். திருமணக் கோலத்தையும் துறந்து நண்பனுக்குத் துணையாக மோவுத்துக்காரன் வந்து உயிர் கொடுத்ததைக் கதைப்பாடல் உருக்கமாகக் கூறும். சமயம் கடந்த அந்நட்பும், அஞ்சாத அந்நெஞ்சமும் மக்கள் மனத்தில் மூன்று நூற்றாண்டுகளாக வாழ்கின்றன. அவ்வீரத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எனினும், செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணைவர் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட வேண்டும் என்பது வள்ளுவரின் 'வலியறிதல்' அதிகாரம் வற்புறுத்தும் கருத்து. கணக்கின்றி வீரம் பாடல் பெறலாம். வெற்றி பெறுவது அரிது.

கணக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இக்கோட்டையே மற்றுமொரு சான்றும் தருகின்றது. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய அதே செஞ்சியை, 1750 செப்டம்பரில் புசி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கைப்பற்றியது. மதில் மாறவில்லை, மலையும் மாறவில்லை. காப்போரின் ஆயத்தமே மாறியிருந்தது. நற்கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று அயர்ந்திருக்கும் மாணவர்க்கு இச்செய்தி ஓர் எச்சரிக்கையாகும்.

நாம் செய்யத்தக்கது

இனி, இப்பாடங்களை ஓர் எடுத்துக்காட்டில் பொருத்திக் காண்போம். முதுகலைத் தமிழ் பயிலும் மாணவி ஒருவர் கல்லூரி ஆசிரியர் ஆக விரும்புகின்றார் எனக் கொள்வோம். அதற்குரிய வாயில்களுள் ஒன்று 'நெட்' எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு. மூன்று மணி நேரத்தில் 150 வினாக்களுக்கு அதில் விடையளிக்க வேண்டும். முதல் தாளின் 50 வினாக்கள் கற்பித்தல் திறன், ஆய்வுத் திறன், பகுத்தறிதல் போன்றவற்றைப் பற்றியன. இரண்டாம் தாளின் 100 வினாக்கள் பாடத்தைப் பற்றியன.

முதலாவதாக, அவர் தம் குறிக்கோளை ஒரே வாக்கியத்தில் நாள் குறித்து எழுதிக்கொள்ள வேண்டும். 'நன்றாகப் படிப்பேன்' என்பது விருப்பம். 'இன்ன ஆண்டு, இன்ன திங்களில் இத்தேர்வை எழுதுவேன்' என்பது குறிக்கோள். நாள் குறிக்கப்படாதது பெரும்பாலும் நாளையதாகவே இருந்துவிடும்.

இரண்டாவதாக, தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பத்துத் திங்கள் உள்ளன எனின், இறுதி இரண்டு திங்களைத் திருப்புதலுக்கும் பயிற்சித் தேர்வுக்கும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய எட்டில் பாடத்திட்டத்தின் அலகுகளைப் பகிர்ந்து கொள்ளலாம். இலக்கணத்தில் வல்லவராய் முதல் தாளில் மெலிந்தவராய் இருப்பின், மெலிந்த பகுதிக்கே முதலில் நேரம் தர வேண்டும். பகைவர் ஏறுவது மதில் தாழ்ந்த பக்கத்தில்தான்.

மூன்றாவதாக, நீரையும் நெல்லையும் திரட்ட வேண்டும். நாளொன்றுக்கு உண்மையில் கிடைக்கும் நேரம் இரண்டு மணியாயின், இரண்டு மணிக்கே திட்டமிட வேண்டும். ஆறு மணி நேரத் திட்டம் தாளில் அழகாக இருக்கும். ஒரு கிழமைகூட நிலைக்காது. நூலகத்தில் உள்ள நூல்கள் எவை, வாங்கவேண்டியவை எவை, கட்டணத்திற்கு வழி யாது என்பனவும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும்.

நான்காவதாக, துணையைத் தேட வேண்டும். உடன்பயில்வோர் மூவர் கிழமைக்கு ஒருமுறை கூடி ஒருவர்க்கொருவர் வினா விடுத்தால், தனித்துப் படிப்பதில் தெரியாத குறைகள் தெரியவரும்.

ஐந்தாவதாக, மாற்று வழியும் வேண்டும். செஞ்சியில் அடைபட்ட இராசாராமுக்கு வேலூர் இருந்தது. முதல் முயற்சி தவறினால் மறுமுறை எழுதுவதா, கல்வியியல் பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியப் பணிக்குச் செல்வதா என்பதை முன்னரே எண்ணி வைப்பது கோழைத்தனமன்று. கற்பித்தல் என்னும் அரசன் உயிரோடிருக்கும்வரை, ஒரு கோட்டை போனாலும் குறிக்கோள் அழிவதில்லை.

திங்கள் முடிவில் ஒரு நாள் அமர்ந்து, எழுதிய திட்டத்தோடு நடந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது இவை அனைத்தையும் இணைக்கும் மதிலாகும். வழியைத் திருத்தலாம், நாளையும் ஓரளவு மாற்றலாம். எதற்காகத் தொடங்கினோம் என்பதை மட்டும் மறத்தலாகாது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் பிள்ளைகள் வீடு திரும்பும்போது 'எத்தனை மதிப்பெண்?' என்று வினவுகின்றோம். அதனோடு 'இத்திங்களில் என்ன கற்றாய்? அடுத்த திங்களுக்கு என்ன எண்ணியிருக்கிறாய்? அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்றும் வினவுவோமாக. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மகனுக்கும் மகளுக்கும் மூன்றாம் வினாவே களஞ்சியத்து நெல் போன்றது. 1677இல் ஒருவர் அடுத்த தலைமுறைக்காக மதில் எழுப்பினார். நாமும் நம் தலைமுறைக்குப் பின் வருவோர்க்காகச் சிறிது நெல் சேர்த்து வைப்போம்.