ஆர்.எக்ஸ். 100 வாங்கலாமா? ஒரு பட்டறைப் பாடம்

(மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை)

நம்ம கேன்டீனில் நடக்கும் பேச்சில் பாதி சினிமா, மீதி யமஹா ஆர்.எக்ஸ். 100 என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஸ்போர்ட்ஸ் கார் நமக்கு எட்டாது. எட்டுகிற ஸ்போர்ட்ஸ் வண்டி என்றால் நமக்கு இதுதான். 1985-இல் வந்து, 1996-இல் உற்பத்தி நின்றுபோனது. அதாவது இன்று விலைக்கு வரும் எந்த ஆர்.எக்ஸ். 100-ம் நம்மைவிட வயதில் மூத்தது! 98 சி.சி. என்ஜின், 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவுக்குச் சற்றே அதிகம். இன்றைய 125 சி.சி. வண்டிகள் பலவும் ஏறக்குறைய இதே குதிரைத்திறன்தான் தருகின்றன, ஆனால் எடை கூடுதல். அந்த 'விருட்' என்ற கிளம்பலுக்குக் காரணம் இதுவே.

சென்ற ஆண்டு என் வகுப்பு நண்பனுக்காக ஒரு ஆர்.எக்ஸ். பார்க்கப் போனேன். அவனுக்கு அப்ரெண்டிஸ் கிடைத்த கம்பெனியில் செகண்ட் ஷிப்ட் முடியும்போது ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். வண்டி அவசியம். அவன் அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த 60,000 ரூபாய் கையில் இருந்தது. "மச்சி, எப்படியும் வண்டி வாங்கணும், அது ஏன் ஆர்.எக்ஸா இருக்கக் கூடாது?" என்றான். எனக்கும் அதே ஆசைதான், மறுக்கவில்லை. நல்லவேளையாக எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனோம்.

வண்டி 1994 மாடல். புரோக்கர் கேட்டது 65,000. மீட்டரில் 41,000 கி.மீ. "ஒரே கை தம்பி, வாத்தியார் ஓட்டினது" என்றார். (விலைக்கு வரும் பழைய வண்டிகள் எல்லாவற்றையும் வாத்தியாரோ டாக்டரோதான் ஓட்டியிருக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா?) இந்த வண்டியில் மீட்டர் கேபிள் முன்சக்கர ஹப்பிலிருந்து வருகிறது. கேபிளைக் கழற்றினால் மீட்டர் நிற்கும், வண்டி ஓடும். வேறு மீட்டரே வேண்டுமென்றாலும் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும். ஆகவே மீட்டரை விட்டுவிட்டு, கை கால் படும் இடங்களைப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் புத்தம் புதிது. பக்கத்திலேயே பிரேக் பெடலின் சொரசொரப்பு முழுவதும் தேய்ந்து கண்ணாடி மாதிரி இருந்தது. கிக்கர் ஷாஃப்டில் லொடலொடவென்று ஆட்டம். 41,000 என்பதை அப்போதே மறந்துவிட்டோம்.

இருந்தாலும் அந்த 41,000 உண்மை என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். டாப் கியரில் மணிக்கு 100 கி.மீ. போகும்போது என்ஜின் 7,500 சுற்று சுற்றுகிறது என்று தோராயமாகக் கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 4,500 சுற்று. 40,000 கி.மீ.க்கு 18 கோடி சுற்று! இது டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பவர் ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். போதாக்குறைக்கு, இங்கே கிராங்க் பேரிங்குக்குத் தனியாக அழுத்தத்தில் ஆயில் வருவதில்லை. காற்றோடும் பெட்ரோலோடும் கலந்து வரும் 2டி ஆயில்தான் பிக் எண்டுக்கு உயிர். ஆர்.எக்ஸில் அதற்கென்றே ஆட்டோலூப் பம்ப் உண்டு. அது ரிப்பேர் என்று கழற்றி எறிந்துவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் ஊற்றி ஓட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் மலைச்சரிவில் ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு என்ஜின் பிரேக்கிலேயே நெடுந்தூரம் இறங்கினால், பெட்ரோலும் போகாது, அதனால் ஆயிலும் போகாது. ஆகவே எத்தனை கி.மீ. ஓடியது என்பதைவிட எப்படி ஓட்டினார்கள் என்பதே கேள்வி. அதற்கு என்ஜின்தான் பதில் சொல்ல வேண்டும், புரோக்கர் அல்ல.

நாங்கள் போனபோது அண்ணன் முதலில் செய்த காரியம், சிலிண்டர் ஃபின்னில் கை வைத்தது. சூடு! நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து ஓட்டி வைத்திருந்தார்கள். "நாளைக்கு வர்றோம்ண்ணே" என்று திரும்பிவிட்டார். மறுநாள் காலை ஆறரைக்கே போய் நின்றோம். குளிர்ந்த என்ஜினுக்கு எட்டு கிக் தேவைப்பட்டது. குளிரில் வரும் புகை டூ ஸ்ட்ரோக்குக்கு இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே ஒரு பம்ப் என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா? அந்தப் பம்ப்புக்கு இரண்டு பக்கமும் ஆயில் சீல்தான் கதவு. கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகைவிடும். மேக்னட் பக்க சீல் போனால் வெளிக்காற்றை உறிஞ்சும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. காற்று கூடிக் கலவை மெலிந்து, என்ஜின் சூடேறி, ஒரு நாள் 70 கி.மீ. வேகத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதன் அடையாளம், ரேஸ் கொடுத்துவிட்டால் ஸ்லோ ஸ்பீடுக்கு உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் உச்சத்திலேயே நிற்பது. "ரேஸ் தானா நிக்குது, சூப்பர் பிக்கப்பு" என்று அதையே பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு!

அடுத்து அண்ணன் காட்டியது எனக்கு நம்ம மெட்ராலஜி லேபை நினைவூட்டியது. பிளக்கைக் கழற்றினார். ஒரு ஊதுபத்திக் குச்சியைப் பிளக் துளை வழியாகப் பிஸ்டன் மேல் நிற்கும்படி விட்டார். பிஸ்டனைப் பாதி உயரத்தில் நிறுத்தி, மேக்னட் நட்டில் ஸ்பேனர் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல அசைத்தார். நல்ல என்ஜினில் மேக்னட் அசைந்த கணமே குச்சியும் அசைய வேண்டும். எங்கள் வண்டியில் மேக்னட் கொஞ்சம் நகர்ந்தது, உள்ளே 'டக்' என்றது, அதன் பிறகுதான் குச்சி நகர்ந்தது. அந்த இடைவெளிதான் பிக் எண்ட் தேய்மானம். கனெக்டிங் ராடு பக்கவாட்டில் சற்று ஆடலாம், அது வடிவமைப்பிலேயே உள்ளது. மேலும் கீழும் ஆடக் கூடாது. கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்து "நல்லாயிருக்கு" என்று வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கேஜ் ரிங்கையும் போரையும் பற்றிச் சொல்லும், கிராங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

பேசிப் பேசி ஹெட்டைக் கழற்றவும் சம்மதம் வாங்கினோம். நாலே நட்டு. பிஸ்டன் தலையில் கரியைத் துடைத்தபோது 1.00 என்ற எண் தெரிந்தது. இந்த என்ஜினின் போரும் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. கணக்கிட்டால் 98.17 சி.சி. தேயும்போதெல்லாம் 0.25 மி.மீ. வீதம் போரைப் பெரிதாக்கி, 0.25, 0.50, 0.75, 1.00 என்று பெரிய பிஸ்டன் போடுவார்கள். ஆக, எங்கள் வண்டி 51 மி.மீ.க்கு வந்துவிட்டது. ஆர்.சி. புக்கில் 98, உள்ளே 102 சி.சி.! இனி போர் செய்ய இடமில்லை. ஸ்லீவ் அடிக்க வேண்டும், அல்லது வேறு பேரல் தேட வேண்டும். கிராங்கைப் பிரித்து ராடு கிட் போட்டு, பிரஸ்ஸில் கோர்த்து, சென்டரில் வைத்து டயல் கேஜில் ரன் அவுட் பார்க்கத் தெரிந்த லேத் பட்டறையும் வேண்டும். எல்லாம் சேர்த்து அண்ணன் சொன்ன தொகை 12,000. இதில் டயரும் ஒயரிங்கும் அடங்காது.

பிரேக் முன்னும் பின்னும் டிரம்தான். 2019 ஏப்ரல் முதல் விற்கும் சிறிய புது வண்டிகளில்கூட இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு கட்டாயமாகிவிட்டது. முப்பது வருட டிரம்மை நம்பி ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவன் இதையும் யோசிக்க வேண்டும். ஃபிரேம் நேராக இருந்தது. சேஸிஸ் நம்பரில் கிரைண்டர் பட்ட தடம் இல்லை.

பேப்பர் விஷயம் வேறு. "எல்லாம் கரெக்ட், எஃப்.சி. மட்டும் காட்டணும்" என்றார் புரோக்கர். ஆர்.சி. முதலில் 15 வருடத்துக்கு, பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1994 வண்டிக்கு 2009, 2014, 2019, 2024. இந்த வண்டியில் 2014-உடன் சரி. ஆர்.சி.யில் இருப்பவர் யாரென்றே புரோக்கருக்குத் தெரியவில்லை. 'ஒரே கை' என்றாரே! கையில் இருந்தது கையெழுத்து மட்டும் போட்ட வெற்று 29, 30 ஃபாரங்கள். பெயர் மாற்றாமல் ஓட்டி விபத்து நடந்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பெயரே தெரியாத ஒரு மனிதரை நாம் வம்பில் மாட்டிவிடலாமா?

நண்பன் கணக்கு எழுதினான். வண்டி 65,000, என்ஜின் 12,000, மேலே டயர், வரி, எஃப்.சி. கையில் 60,000. "ஆர்.சி.யைப் புதுப்பித்து என் பேருக்கு மாத்திக் கொடுங்க, 42,000 தர்றேன்" என்றான். புரோக்கர் சிரித்தார்.

என் கருத்தைக் கேட்டால், வீட்டில் ஓட வேறு வண்டி இருந்து, கிராங்க் ஆடாமல், பேப்பர் உயிரோடு இருந்தால் ஆர்.எக்ஸ். வாங்கலாம். போரில் ஒரு சைஸாவது மிச்சம் இருக்கட்டும். இருக்கும் ஒரே வண்டி அதுவாக இருக்கக் கூடாது. நண்பன் ஆறு வருடம் ஓடிய ஒரு 110 சி.சி. வண்டியை 38,000-க்கு வாங்கினான். மீதி 22,000-ஐ அம்மாவிடமே கொடுத்துவிட்டான். தினமும் இரவு பதினொன்றரைக்கு அதில்தான் வீடு திரும்புகிறான். அது ஒரு தடவைகூட அவனை வழியில் விட்டதில்லை, ஒரு தடவைகூட அவனைச் சிரிக்க வைத்ததும் இல்லையாம்.

அந்த ஆர்.எக்ஸை ஒரு மாதம் கழித்து பெட்ரோல் பங்க்கில் பார்த்தேன். புது பெயிண்ட், புது சீட், பளபளக்கும் சைலன்சர். ஓட்டி வந்த பையன் நம்ம வயசுதான். 62,000 என்றான். ஸ்லோ ஸ்பீடில் நின்றுகொண்டிருந்தது. குனிந்து கேட்டேன். அந்த 'டக்' அப்படியே இருந்தது.